தாளம் தவறாத வாள்

டெல்லி ஜனக்புரியில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் கராத்தே வகுப்பு முடிந்த கையோடு அந்த வெள்ளை உடுப்பிலேயே வந்து உட்காருவார்கள். புரூஸ் லீ என்றால் எல்லோருக்கும் தெரியும். கிங் ஹூ என்றால் முழிப்பார்கள். லய ஞானம் உள்ள எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சினிமா இயக்குநர் அவர் என்பது என் கட்சி.

பெய்ஜிங்கில் பிறந்தவர். சீன இசைநாடகத்தைப் பார்த்தே வளர்ந்தார். 1949-இல் ஹாங்காங் போனார். அங்கே அச்சகத்தில் பிழை திருத்தினார், சினிமா போஸ்டர் வரைந்தார், செட் வேலை பார்த்தார், நடித்தார். 1958-இல் ஷா பிரதர்ஸ் படக் கம்பெனியில் சேர்ந்தார். இந்த ஷா கம்பெனி நமக்கு அந்நியமில்லை. அதன் சிங்கப்பூர் ஸ்டூடியோவில்தான் தமிழரான எல். கிருஷ்ணன் 1950-இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தை இயக்கினார். ஹாங்காங்கிலோ கிங் ஹூ, இயக்குநர் லி ஹான்-சியாங்கிடம் உதவியாளராக இருந்தார். 1963-இல் வந்த லியின் ‘தி லவ் எடர்ன்’ பாட்டாலேயே நகரும் படம். அதில் வேலை செய்தவருக்குத் தாளம் கையோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பென்ன?

1966-இல் கிங் ஹூ இயக்கிய ‘கம் டிரிங்க் வித் மீ’. ஆண் வேடத்தில் ஒரு பெண் சத்திரத்துக்குள் வந்து உட்காருகிறாள். சுற்றிலும் கொள்ளைக்காரர்கள். யாரும் உடனே வாளை உருவுவதில்லை. பார்வை, அசைவு, நிறுத்தம். பின்னணியில் மரக்கட்டையின் ‘டக்’, சிறு பறையின் உருட்டல், சட்டென்று ஜால்ரா. பெய்ஜிங் நாடக மேடையில் அந்தப் பறையும் கட்டையும் வைத்திருப்பவர்தான் வாத்தியக் குழுவை நடத்துவார். நம் நட்டுவனார் மாதிரி. அந்த ஆளையே கிங் ஹூ சண்டைக் காட்சிக்குள் உட்கார வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை முதலில் சத்தமில்லாமல் போடுவேன், நெளிவார்கள். பிறகு சத்தத்தோடு போடுவேன். தானாகவே தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அருதிக்கு, அதாவது அடி வந்து விழும் இடத்துக்கு, முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்பதை என்னால் வாய்ச்சொல்லில் புரியவைக்க முடிந்ததில்லை; இந்தக் காட்சி புரியவைத்துவிடுகிறது.

தனக்குச் சண்டைக் கலை தெரியாது, தன் படத்தில் வருவது நடனம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். கதாநாயகி செங் பெய்-பெய் பாலே பயின்றவர். சண்டைப் பயிற்சியாளர் ஹான் யிங்ஜியே இசைநாடக மேடையிலிருந்து வந்தவர். 1971-இல் ‘தி பிக் பாஸ்’ படத்தில் புரூஸ் லீயிடம் அடிவாங்கும் வில்லனும் இதே ஹான்தான். இதைச் சொன்னால் கராத்தேப் பிள்ளைகள் கொஞ்சம் மரியாதையோடு கேட்பார்கள்.

‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தோடு கிங் ஹூ ஷா கம்பெனியை விட்டுத் தைவானுக்குப் போனார். 1967-இல் ‘டிராகன் இன்’ அங்கே வசூலை அள்ளியது. அந்தத் தைரியத்தில் ‘எ டச் ஆஃப் ஜென்’னைத் தொடங்கினார். மூன்று மணி நேரப் படம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட சண்டையே கிடையாது! இப்படி விளம்பகாலத்தில் நீளும் ஆலாபனைக்கு எந்தத் தயாரிப்பாளர்தான் பணம் போடுவார்? மூங்கில் காட்டுச் சண்டை திரையில் சுமார் பத்து நிமிடம். எடுக்க 25 நாள் ஆனது என்பார்கள். குதிப்பதற்கு ஸ்பிரிங் பலகை. மீதியெல்லாம் கத்தரியின் வேலை. சில ஷாட் விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட நிற்காது. 1970, 71-இல் தைவானில் இரண்டு பாகமாக வந்து ஓடாமல் போனது. 1975-இல் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பத்துக்கான பெரிய பரிசு வாங்கியதும்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பிறகு எடுத்தவற்றில் ‘ரெய்னிங் இன் தி மவுண்டன்’ (1979) எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசிப் படம் 1993-இல். அமெரிக்காவில் ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளர்களைப் பற்றிப் படமெடுக்கப் பல வருடம் அலைந்தார். அது கூடிவரும் வேளையில், 1997 ஜனவரியில், தைபேயில் இதய சிகிச்சையின்போது இறந்துபோனார்.

2000-இல் இயக்குநர் ஆங் லீ ‘குரௌச்சிங் டைகர்’ படத்தில் மறுபடி மூங்கில் காட்டுக்குப் போனார். செங் பெய்-பெய்யையும் வில்லியாக நடிக்கவைத்தார். அதில் கம்பி கட்டிய நடிகர்கள் மூங்கில் நுனியில் மிதக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘எ டச் ஆஃப் ஜென்’னில் கதாநாயகி சூ ஃபெங் உச்சியிலிருந்து வாளோடு தலைகீழாகப் பாய்ந்து சரியாகத் தாளத்தின் சமத்தில் வந்து இறங்குகிறார். என் ஓட்டு அவருக்குத்தான்.