கையில் இடி இருந்தது, தலையில் கிரீடம் ஏறவில்லை



போன வாரம் வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், உலகத்திலேயே பலமாகக் குத்தியவர்கள் எல்லாரும் சாம்பியன் ஆனார்களா?" இல்லை தம்பி. ஆகாதவர்கள் கதைதான் எனக்கு அதிகம் பிடிக்கும். அதையே இன்று எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்காவின் எர்னி ஷேவர்ஸ். ஹெவிவெயிட் வரலாற்றில் இவரைப்போல் பலமாகக் குத்தியவர்கள் மிகச் சிலரே. 68 பேரை நாக் அவுட் செய்தவர். 1977 செப்டம்பரில் நியூயார்க்கில் முகமது அலியோடு மோதினார். இரண்டாவது சுற்றிலேயே இவர் விட்ட குத்தில் அலி நிலைகுலைந்து போனார். ஆனால் அலி சும்மா நடிக்கிற மாதிரி ஆடிக் காட்டினார். அதை நம்பி ஷேவர்ஸ் தயங்கிவிட்டார். பதினைந்து சுற்றும் முடிந்து புள்ளிக் கணக்கில் தோற்றார். 1979-இல் லாரி ஹோம்ஸை ஏழாவது சுற்றில் தரையில் சாய்த்தார். ஹோம்ஸ் எழுந்து நின்று பதினோராவது சுற்றில் வென்றார். இரண்டு முறை பட்டத்தைத் தொடும் தூரத்தில் நின்றவர், கடைசிவரை உலக சாம்பியன் ஆகவே இல்லை. கையில் பலம் இருந்தது. நீண்ட சுற்றுகளுக்கு மூச்சு போதவில்லை.

அடுத்தவர் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ். இவருக்கு மூச்சு பிரச்சினை இல்லை, விதிதான் பிரச்சினை. 1964-இல் டெக்சாஸில் வண்டியை நிறுத்திய ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டு இவர் வயிற்றில் பாய்ந்தது. பல அறுவை சிகிச்சைகள். ஒரு சிறுநீரகம் போயிற்று. அப்படியும் திரும்பி வந்து, 1966 நவம்பரில் ஹூஸ்டனில் அலியின் எதிரே நின்றார். மூன்றாவது சுற்றில் முடிந்துவிட்டது. அன்று அலி ஆடியது அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டம் என்று பலரும் சொல்வார்கள். எதிரில் நின்றவர் எந்த உடம்போடு நின்றார் என்பதைச் சிலர்தான் சொல்வார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980 தொடக்கத்தில் அலி இந்தியா வந்தார். சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அது நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதே பயணத்தில் டெல்லியில் அலியோடு காட்சிப் போட்டியில் கையுறை மாட்டியவர் கௌர் சிங். பஞ்சாப் சங்ரூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், இராணுவ வீரர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அர்ஜுனா விருது, 1983-இல் பத்மஸ்ரீ. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இறங்கினார், பதக்கம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு? கிராமத்துக்குத் திரும்பி விவசாயம். ஆசியத் தங்கத்துக்காக மாநில அரசு அறிவித்த ஒரு லட்ச ரூபாய் பல ஆண்டுகள் கைக்கு வரவே இல்லை. 2017-இல் இருதய சிகிச்சைக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை. செய்தி வெளியான பிறகுதான் இராணுவமும் அரசும் உதவின. 2023-இல் காலமானார். அந்த ஆண்டுதான் அவர் வாழ்க்கையைப் பஞ்சாப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்க்க முடிவு செய்தார்கள். பாடமாகும் அளவுக்குப் பெரிய மனிதர், கடன்காரராக வாழ வேண்டியிருந்தது.

இன்னொருவர் குர்சரண் சிங். ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே, 81 கிலோ பிரிவு. 2000 சிட்னி ஒலிம்பிக் காலிறுதி. வென்றால் வெண்கலம் உறுதி. கடைசி விநாடிகள் வரை முன்னிலை. உக்ரைன் வீரர் கடைசி நேரத்தில் ஒரு புள்ளி எடுத்தார். 12-12 என்று சமமாகி, மொத்தக் குத்துகளை எண்ணிப் பார்த்ததில் நம்மவர் தோற்றார். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பதக்கம் அன்று வந்திருக்க வேண்டியது. அது 2008-இல் விஜேந்தர் சிங் மூலம்தான் வந்தது. குர்சரண் அமெரிக்கா போய்த் தொழில்முறை வீரராகிப் பல போட்டிகளில் வென்றார். ஆனால் இங்கே அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த நால்வரையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்கு மூச்சு, ஒருவருக்குக் குண்டு, ஒருவருக்குக் கவனிப்பாரின்மை, ஒருவருக்குச் சில விநாடிகள். நான்கும் வெவ்வேறு காரணங்கள். ஆனால் நாம் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறோம்: "திறமை இருந்தும் வீணாகிட்டான்."

ஆரணியில் இருந்துகொண்டு இந்த வார்த்தையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். குண்டு எறிதலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பத்தாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தான். பட்டு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்பா தலையில் இருந்தது. ஊரில் சிலர் அவனையும் "வீணாகிட்டான்" என்றார்கள். அவன் நெய்யும் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் குண்டு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது. அதுவும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பாவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊடை ஓடினால்தான் புடவை. பலம் பாவு மாதிரி. பயிற்சி, சாப்பாடு, மருத்துவம், நேரத்துக்கு வரும் உதவித்தொகை, கூடவே கொஞ்சம் அதிர்ஷ்டம், இவை எல்லாம் ஊடை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அதிகாரிகள், வெளிநாட்டில் நல்ல நிலையில் இருப்பவர்கள். உங்கள் தெருவில், உங்கள் பள்ளியில் கை பலமுள்ள ஒரு பிள்ளை கண்ணில் பட்டால், பாராட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அவனுக்கு ஷூ இருக்கிறதா, காலையில் சாப்பிட்டானா, அறிவித்த பணம் வந்து சேர்ந்ததா என்று ஒருமுறை கேளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த இப்படிப்பட்ட வீரர்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். அனைவரும் நலமாக இருங்கள்.