வெறுமையாய் வந்த தலையங்கம்

செய்தியின்பால் மக்களுக்கு ஐயம் பிறப்பது எங்ஙனம்? நம் நாட்டு வரலாற்றில் ஓர் இரவை நினைவுகூர்வோம்.

1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் நள்ளிரவு. டில்லி பகதூர்ஷா ஜாபர் மார்க்கத்தில் இருந்த பத்திரிகை அச்சகங்களில் மின்சாரம் நின்றது. பழுதன்று, நிறுத்தப்பட்டது. மறுநாட் காலை, நெருக்கடி நிலை பிரகடனமானதைப் பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் அறிவித்தார்.

தணிக்கை தொடங்கிற்று. ஜூன் 28இல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எழுத்தில்லாத அவ்விடத்தை மக்கள் நன்றாகவே படித்தனர் எனலாம். பின்னர் வெற்றிடம் விடுவதும் தடுக்கப்பட்டது! 1976 பிப்ரவரியில் நான்கு செய்தி நிறுவனங்கள் 'சமாச்சார்' என ஒன்றாக்கப்பட்டன. நமது வானொலியும் ஆட்சியின் குரலாகவே ஒலித்தது. அதை நாம் மறைப்பதற்கில்லை. விளைவு யாது? உள்ளூர் நிலவரம் அறிய மக்கள் பி.பி.சி.யை நாடினர். வதந்தி செய்தியின் மதிப்பைப் பெற்றது. மெய்யான அறிவிப்போ ஐயத்துடன் கேட்கப்பட்டது.

ஏமாந்தவர் மக்கள் மட்டுமல்லர். பத்திரிகைகளில் குறை காணாமையால் நாட்டிலும் குறையில்லை என ஆட்சியினர் எண்ணினர் போலும். 1977 ஜனவரி 18இல் தேர்தலை அறிவித்தனர். மார்ச்சில் பிரதமரே ரேபரேலியில் தோற்றார்.

வானொலிக்குத் தன்னாட்சி வேண்டுமென வர்கீஸ் குழு 1978இல் பரிந்துரைத்தது. பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியது 1990இல். நடைமுறைக்கு வந்ததோ 1997இல்.