பூஜை அலமாரிக்குக் கீழே 1859

2012 ஜூலை 30, 31 ஞாபகம் இருக்கா? அடுத்தடுத்து ரெண்டு நாள் கரண்ட் படுத்துவிட்டது. 31ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மின்தொகுப்புகளும் போய், 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் இல்லை. நான் அப்போது லக்னோ கிளையில். அந்த வாரமே இன்வர்ட்டர் வாங்கினேன்.

பேட்டரியை பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பார்க்க அழகாக இருந்ததே! மூன்று மாதம் கழித்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வந்த மிஸ்திரி, மேலே எரிந்த விளக்கைத்தான் முதலில் அணைத்தார். "இது கேஸ் விடும் சாப்!"

காமர்ஸ் படித்த நான் அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்துச் செய்தது இந்த பேட்டரி. 1881இல் கமில் ஃபோர் தகட்டில் ஈய ஆக்சைடு பசை பூசி, அதிக மின்சாரம் சேமிக்க வைத்தார். மேலே உள்ள இன்வர்ட்டர் பெட்டி எவ்வளவோ மாறிவிட்டது. கீழே உள்ள ஈய பேட்டரியின் குணம் மட்டும் மாறவில்லை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். மூடிய இடத்தில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

இத்தனைக்கும் பக்கத்து அறையில்தான் என் மகள் தூங்குவாள்.

மறுநாளே பேட்டரி காற்றோட்டமான வராந்தாவுக்குப் போனது. உங்க வீட்டில் எங்கே இருக்கு? இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க.