கிளியும் கரிச்சானும்

தமிழிலக்கியத்தில் கிளி பெற்ற ஏற்றத்தைப் பிற பறவைகள் எளிதிற் பெற்றுவிடவில்லை. குறிஞ்சி நிலத்து மகளிர் தினைப்புனத்தில் ஓட்டியதும் கிளியை. ஆண்டாளும் மீனாட்சியம்மையும் கையில் ஏந்தியதும் கிளியை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெகிரி செம்பிலானின் காடுகள் அழிக்கப்பட்டு இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, கங்காணிகளின் வழி வந்து சேர்ந்த தமிழர் அக்கிளியையும் நெஞ்சிற் சுமந்தே வந்தனர். ஆயினும் பெரட்டு வேளையில் லயத்துக் கூரைமேலிருந்து அவர்கள் செவியில் விழுந்த பாட்டு கிளியினதன்று. ஒரு சாணுக்கும் குறைந்த, கருமையும் வெண்மையும் கலந்த குண்டுகரிச்சானின் பாட்டு. மலாய்க்காரர் அதனை முராய் என்பர்.

வியப்பு யாதெனில், தமிழகத்தில் வாழும் கரிச்சானும் இதுவும் ஒரே இனம். புதிய மண்ணில் கேட்ட பழைய குரல் அது. கிளியோ அவர்கள் அறிந்த கிளியன்று. மலாயாவின் நெடுவால் கிளி வேறினம். வாலுடன் ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுடையது, கன்னம் செந்நிறமானது, கூட்டமாய்க் கீச்சிட்டுப் பறப்பது. ஊர்க்கிளியைக் காண விரும்பியவர் கிளிச்சோதிடரின் கூண்டைத்தான் நாடவேண்டியிருந்தது. போற்றப்பட்ட பறவை அயலாயிற்று. பாடப்படாத பறவை உறவாயிற்று!

குரலிலும் இவை வேறுபட்டன. கூண்டுக் கிளி மனிதர் பேச்சை ஒப்பிக்கும். ஆண் கரிச்சான் உயர்ந்த கிளையிலமர்ந்து, தன் எல்லையை அறிவித்துத் தன் பாட்டையே பாடும். தமிழில் சொன்னதையே சொல்பவன் கிளிப்பிள்ளை. மலாய்ப் பழமொழியிலோ ஓயாது பேசுபவன் வால் பிடுங்கப்பட்ட முராய். அவ்வினிய பாடகனுக்கு இப்பெயர் பொருந்துமோ என்பது ஐயமே. எனினும் இரண்டும் குரலைக் கேட்டுக் கற்பவை. கிளியினமும் பாடும் பறவைகளை உள்ளடக்கிய பேரினமும் நெருங்கிய உறவின என 2008-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டிற்று.

இரண்டும் பொந்தில் கூடு வைப்பன. கரிச்சானுக்குச் சுவரிடுக்கும் கூரைச் சந்தும் போதும்; கிளிக்கு ஓங்கி வளர்ந்த முதுமரம் வேண்டும். 1960-களிலிருந்து பால்மரங்களின் இடத்தைச் செம்பனை பிடித்தபோது கிளிக்கு உணவு கிட்டியது, உறைவிடம் கிட்டவில்லை. பழத்தைத் தின்றதால் தீங்குயிர் என்ற பழி வேறு. இன்று உலகச் செம்பட்டியலில் அது அழிவை நோக்கும் இனங்களுள் ஒன்று.

கரிச்சானுக்குப் பகை அதன் பாட்டே. கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டதால் 1970-களில் சிங்கப்பூரில் அது மிக அருகியது. நெகிரி செம்பிலானில் அத்தகைய நிலை நேரவில்லை. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் எழுந்தபின், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் வாசலில், மின்கம்பியிலமர்ந்து விடியலில் பாடுவது அப்பறவையே. முதுமரங்கள் ஒழிந்த அவ்விடங்களில் நெடுவால் கிளி கூடு வைப்பதில்லை.