நாள்காட்டியும் கடிகாரமும்: அவசரக் கருத்தடை வரலாற்றில் சீரற்ற மாதவிடாய்

ஆய்வுச்சுருக்கம்

கருத்தரிக்கும் வாய்ப்பை மாதவிடாய் நாள்களைக் கொண்டு கணிக்கும் முறை 1920களில் அறிவியல் வடிவம் பெற்றது. 1960களுக்குப் பின் உருவான அவசரக் கருத்தடை, உடலுறவு நிகழ்ந்த நேரத்திலிருந்து மணிக்கணக்கில் எண்ணும் முறையைக் கொண்டுவந்தது. இம்மாற்றம் சீரற்ற மாதவிடாய் உடைய பெண்களுக்கு எந்த அளவில் பயன்பட்டது, அம்மருந்தை மதிப்பிட்ட ஆய்வுகளில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அவசரக் கருத்தடை, சீரற்ற மாதவிடாய், லெவோநார்ஜெஸ்ட்ரல், யூஸ்பே முறை, கருத்தரிப்பு வாய்ப்பு

முன்னுரை

கருத்தடை வரலாறு பெரும்பாலும் மக்கள்தொகைக் கொள்கையின் வரலாறாகவோ மருந்துகளின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. ஒரு பெண் தான் கருவுற்றிருக்கக்கூடுமா என்பதை எதைக் கொண்டு கணித்தாள் என்னும் வினா அதில் ஓரத்திலேயே நிற்கிறது. மாதவிடாய் நாள் தவறுவதே கருவுற்றமைக்கு முதல் அடையாளமாகக் கொள்ளப்பட்டு வந்தது. சுழற்சி சீராக அமையாத பெண்ணுக்கு அந்த அடையாளம் உறுதியானதன்று. ஆகவே அவசரக் கருத்தடையின் வரலாற்றை அவர்களின் நிலையிலிருந்து நோக்குவது தேவையாகிறது.

நாள்களை எண்ணிய காலம்

ஜப்பானில் கியூசாகு ஒகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாஸும் 1920களில் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். கருமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் என்பதே அது. இதனடிப்படையில் ‘பாதுகாப்பான நாள்’ கணக்கு பரவியது. ஆனால் இக்கணக்கு, இன்னும் வராத ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதாகும். அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிய இயலாதவர்க்கு அது பயன்படாது.

இந்தியாவில் இம்முறை அரசின் ஆதரவையே பெற்றது. மத்திய நலத்துறை அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் வேண்டுகோளின்படி, உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் ஆபிரகாம் ஸ்டோன் 1951இல் இந்தியாவுக்கு வந்தார். அதன் தொடர்ச்சியாக மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் தில்லி லோதி காலனியிலும் சோதனைத் திட்டங்கள் நடைபெற்றன. வெவ்வேறு நிறமணிகள் கோத்த மாலைகள் பெண்களிடம் வழங்கப்பட்டன. நாளுக்கு ஒரு மணியாக நகர்த்தி, கருத்தரிக்கக்கூடிய நாள்களை அறிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்தறிவு இல்லாதோருக்கும் எளிதாக அமையும் என்று கருதப்பட்ட இம்முறை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மாலையில் மணிகளின் எண்ணிக்கை மாறாதது. உடலின் சுழற்சியோ மாறக்கூடியது.

ஈஸ்ட்ரோஜனிலிருந்து லெவோநார்ஜெஸ்ட்ரல் வரை

1960களில் நெதர்லாந்தின் ஆரி ஹாஸ்பெல்ஸ் உள்ளிட்ட மருத்துவர்கள், வன்புணர்வுக்கு உள்ளானோருக்கு மிகை அளவு ஈஸ்ட்ரோஜன் அளித்துக் கருத்தரிப்பைத் தடுக்க முயன்றனர். 1971இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லூசில் குச்சேரா, டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை 1000 பெண்களுக்கு அளித்த பட்டறிவை வெளியிட்டார். அதே ஆண்டில்தான், கருப்பையில் இருந்தபோது இம்மருந்தின் தாக்கத்துக்கு உள்ளான இளம்பெண்களிடம் அரிய வகைப் புற்றுநோய் தோன்றுவதை ஆர்தர் ஹெர்பஸ்டும் உடனாய்வாளர்களும் அறிவித்தனர்.

1974இல் கனடாவின் ஆல்பர்ட் யூஸ்பே, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தைப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். பின்னர் நிலைபெற்ற வடிவில், 72 மணிநேரத்துக்குள் ஒரு தவணையும் அதிலிருந்து 12 மணிநேரம் கழித்து மறு தவணையும் உட்கொள்ளப்பட்டன. கருத்தடைக்கான மருந்துக்குரிய காலத்தை மணிநேரத்தால் அளக்கும் வழக்கம் இவ்வாறு ஊன்றியது. சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று சொல்ல இயலாத பெண்ணும் உடலுறவு நிகழ்ந்த நேரத்தைச் சொல்ல இயலும். கணக்கின் தொடக்கப்புள்ளி மாதவிடாயிலிருந்து நிகழ்வுக்கு மாறியது; இம்மாற்றத்தின் சிறப்பு இதுவே.

1998இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு லான்செட் இதழில் வெளியாயிற்று. 21 மையங்களில் 1998 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், யூஸ்பே முறையைப் பின்பற்றியோரில் 3.2 விழுக்காட்டினரும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மட்டும் உட்கொண்டோரில் 1.1 விழுக்காட்டினரும் கருவுற்றனர். குமட்டலும் பின்னதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, 1.5 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரலை ஒரே தவணையில் உட்கொள்வதும் போதுமானது என்று காட்டியது.

ஆய்வுகளுக்குள் நாள்காட்டி

1998ஆம் ஆண்டு ஆய்வில் சீரான மாதவிடாய் உடைய பெண்களே சேர்க்கப்பட்டனர். இதற்கு முறையியல் சார்ந்த காரணம் உண்டு. மருந்து எத்தனை கருத்தரிப்புகளைத் தடுத்தது என்று கணக்கிட, மருந்து இல்லாதிருந்தால் எத்தனை நிகழ்ந்திருக்கும் என்ற மதிப்பீடு தேவை. அம்மதிப்பீடு உறவு நிகழ்ந்த சுழற்சி நாளைச் சார்ந்தது. சுழற்சி சீரற்றவரின் நாளைக் குறிக்க இயலாததால், அவர்கள் கணக்கில் இடம்பெறவில்லை. பயன்பாட்டில் கைவிடப்பட்ட நாள்காட்டி, மதிப்பீட்டில் தொடர்ந்தது.

அந்த நாள்காட்டியின் நம்பகத்தன்மையையே ஆலன் வில்காக்ஸ் குழுவினரின் ஆய்வுகள் வினாவுக்கு உட்படுத்தின. 1995இல் வெளியான ஆய்வு 221 பெண்களின் பதிவுகளைக் கொண்டு, கருமுட்டை வெளிப்படும் நாளோடு முடியும் ஆறு நாள்களில்தான் கருத்தரிப்பு நிகழ்கிறது என்று நிறுவியது. 2000இல் வெளியான அடுத்த ஆய்வு, அந்த ஆறு நாள்களும் சுழற்சியின் 10 முதல் 17ஆம் நாளுக்குள் முழுமையாக அடங்கியவர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே என்று காட்டியது. சீரான சுழற்சி என்று கருதப்பட்டவர்களிடமும் இந்நிலையே காணப்பட்டது. எனவே சீர், சீரின்மை என்ற பகுப்பு மருத்துவ நூல்கள் கருதிய அளவுக்குத் தெளிவானதன்று.

மாத்திரைக்குப் பின் வரும் ஐயம்

லெவோநார்ஜெஸ்ட்ரல் முதன்மையாகக் கருமுட்டை வெளிப்பாட்டைத் தள்ளிப்போடுகிறது. முட்டை வெளிப்பட்ட பின் அதனால் பெரும்பயன் இல்லை. ஆகவே மாத்திரை உட்கொண்ட பின்னும் கருவுறும் வாய்ப்பு எஞ்சியிருக்கிறது. அம்மாத்திரையே அடுத்த மாதவிடாயை முன்னதாகவோ தாமதமாகவோ வரச்செய்யவும் கூடும். ஏற்கெனவே சுழற்சி சீரற்றவருக்குத் தாமதத்தின் காரணம் கருவா, மருந்தா, உடலின் இயல்பா என்று பிரித்தறிவது அரிது.

இங்கும் தீர்வு, நிகழ்விலிருந்து எண்ணுவதாகவே அமைந்தது. 1972இல் ஜூடித் வைட்டுகைடிஸும் உடனாய்வாளர்களும் கருவுற்ற காலத்து ஹார்மோனைத் தனித்தறியும் சோதனையை உருவாக்கினர். அதே பத்தாண்டில் வீட்டிலேயே செய்யும் சிறுநீர்ச் சோதனையும் விற்பனைக்கு வந்தது. மாதவிடாய் வரும் நாளை உறுதியாகக் கூற இயலாதோர், உறவு நிகழ்ந்த மூன்று வாரங்களுக்குப் பின் சோதிக்கலாம் என்ற வழிகாட்டுதல் இதனால் கைகூடியது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 2001இல் ஒப்புதல் கிடைத்தது. 2005இல் மருத்துவர் சீட்டின்றி விற்கவும் வழி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் தடை இல்லை. எனினும் பல மருந்துக் கடைகள் இதனை இருப்பில் வைப்பதில்லை என்பதை நாளிதழ்கள் பலமுறை பதிவு செய்துள்ளன. இதனைக் கருக்கலைப்பு மாத்திரையோடு ஒன்றாகக் கருதும் குழப்பமும் நிலவுகிறது. நிலைபெற்ற கருவை லெவோநார்ஜெஸ்ட்ரல் கலைப்பதில்லை. மணிநேரத்தால் அளக்கப்படும் ஒரு மருந்துக்குக் கடை கடையாக அலைவதில் கழியும் நேரமும் மருத்துவப் பொருள் உடையதே. 1998ஆம் ஆண்டு ஆய்வில், முதல் 24 மணிநேரத்துக்குள் உட்கொண்டபோது எதிர்பார்க்கப்பட்ட கருத்தரிப்புகளில் 95 விழுக்காடு தடுக்கப்பட்டதாகவும், 49 முதல் 72 மணிநேரத்தில் அது 58 விழுக்காடாகக் குறைந்ததாகவும் மதிப்பிடப்பட்டது.

முடிவுரை

அவசரக் கருத்தடை, தன் உடலின் அடுத்த நாளை முன்னறிய இயலாத பெண்ணையும் முடிவெடுக்க வல்லவளாக்கியது. அதே வேளையில், அம்மருந்தை நிறுவிய முதன்மை ஆய்வு சீரான சுழற்சி உடையோரை மட்டுமே கணக்கில் கொண்டது. எனவே சீரற்ற மாதவிடாய் உடையோர் இவ்வரலாற்றில் பயனாளிகளாக இடம்பெற்று, சான்றுகளில் இடம்பெறாதவர் ஆயினர். கருத்தடை ஆய்வுகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றின் முடிவுகளோடு அவற்றில் சேர்க்கப்படாதோரையும் கருத்தில் கொள்வது இன்றியமையாதது.