பாம்பன் பாலத்தைத் திறந்த கைகள்

2025 ஏப்ரல் 6ஆம் திகதி, இராம நவமி நாளன்று, பாம்பன் வீதிப் பாலத்தில் நின்றவாறு இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைத்து ஒரு ரயிலையும் ஒரு கப்பலையும் அனுப்பி வைத்தார். ரயில் புதிய பாலத்தின் மீது ஓடிற்று. அதன் நடுப்பகுதி மேலே உயர்ந்தபின் கரையோரக் காவற்படையின் கப்பல் அதன் கீழாகக் கடந்து சென்றது. தொலைக்காட்சிகள் புதிய பாலத்தையே திரும்பத் திரும்பக் காட்டின. ஆனால், சில பத்து மீற்றர் தொலைவில் சமாந்தரமாக நின்ற பழைய பாலத்தின் இரண்டு சிறகுகளும் விரிந்து நின்றாலன்றி எந்தக் கப்பலும் அன்று அந்தக் கால்வாயைக் கடந்திருக்க முடியாது. அந்தச் சிறகுகளைத் தூக்க மின்விசை இருக்கவில்லை. 1914ஆம் ஆண்டு தொடக்கம் அவற்றைத் திறந்ததும் மூடியதும் மனிதக் கைகளே.

ரயில் பாலங்களைத் திறந்து மூடுபவர் பாலத்திலேயே இருக்க வேண்டும் என்ற வழக்கம் உலகெங்கும் மறைந்து வருகிறது. எங்கோ ஓர் அறையில் கமெராத் திரைக்கு முன்னால் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலை வந்துவிட்டது. பாம்பனைப் பற்றி இப்போது எழுதத் தோன்றியதற்கு அதுவே காரணம். வன்னியில், பூநகரிப் பக்கத்து ஜெயபுரத்தைச் சேர்ந்த எனக்கு இந்தப் பாலத்தோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது.

அந்தப் பாலம் இராமேஸ்வரத்து யாத்திரிகர்களை மட்டும் எண்ணிக் கட்டப்பட்டதன்று. அது இலங்கைக்கான பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, ஆதாம் பாலத்து மணல்திட்டுகளின் மீது தண்டவாளமிட்டுத் தலைமன்னார் வரை ரயிலைக் கொண்டு வந்துவிடலாம் என்ற யோசனை வெள்ளைக்காரர்களுக்கு இருந்தது. செலவு மலைக்க வைத்தது. ஆகவே தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், தலைமன்னாரிலிருந்து மதவாச்சி ஊடாக மீண்டும் ரயில் என்று முடிவாயிற்று. 1911இல் வேலை தொடங்கிய பாம்பன் பாலம் 1914 பெப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய மூன்று நீராவிக் கப்பல்கள் கடலில் ஓடின. ‘போட் மெயில்’ என்று எங்கள் முந்தைய தலைமுறை சொன்னது இந்த ஏற்பாட்டைத்தான்.

மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டுப் பின்னர் மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர்கள் இந்தப் பாலத்தின் வழியாகவே வந்தார்கள். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் திருப்பி அனுப்பப்பட்ட அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, இதே பாலத்தின் வழியாக மண்டபம் முகாமுக்குப் போனார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீதிப் பாலம் 1988 ஒக்டோபர் 2இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை இராமேஸ்வரம் தீவுக்குத் தரைவழி என்றிருந்தது ரயில் ஒன்றே. 1983க்குப் பின் மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் உயிர் தப்பி இராமேஸ்வரத்தில் இறங்கிய எமது மக்கள் மண்டபம் முகாமை அடைந்ததும் இந்தத் தண்டவாளத்தின் மீதுதான். கடலுக்கு மேல் மெதுவாக ஊர்ந்த அந்த ரயிலை மறக்காதவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்றும் இருப்பார்கள்.

இனிப் பாலத்தின் வாய்க்கு வருவோம். பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் கரையோரக் கலங்கள் சுற்றிப் போகாமல் கடக்கக்கூடிய வழி பாம்பன் கால்வாய். 1820களிலேயே அதனை ஆழப்படுத்தும் நோக்கில் அளவைகள் நடந்தன. பின்னாளில் கோதாவரி அணையால் புகழ்பெற்ற ஆதர் கொட்டன் இளம் அதிகாரியாக அந்தப் பணியில் இருந்தார். நூறாண்டு பாடுபட்டுப் பேணிய கால்வாயை ரயிலுக்காக அடைத்துவிட முடியுமா? 145 சிறு கண்கள் கொண்ட, இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய பாலத்தில், கப்பல் போகும் இடத்தில் மட்டும் திறந்து மூடும் ஒரு கண்ணை வைத்தார்கள்.

அந்தக் கண்ணின் வடிவமைப்பு சிக்காகோவிலிருந்து வந்தது. வில்லியம் செர்சர் என்ற பொறியியலாளர் அங்குள்ள ஆற்றுப் பாலங்களுக்காக உருவாக்கிய முறை அது. பாலத்தின் பாதி, நாற்காலியின் வளைந்த காலைப் போல, ஒரு வளைவின் மீது பின்னோக்கி உருள்கிறது. பின்புறத்தில் உள்ள எதிர்ப்பாரம் அதனைச் சமன்செய்கிறது. செர்சர் 1893இல், 35 வயதில் இறந்து போனார். அவரது முறைப்படி அமைந்த முதற் பாலம் சிக்காகோவில் முடிவடைந்தது 1895இல். தனது பெயர் இராமேஸ்வரத்து மீனவர் வாயில் புழங்கும் என்று அந்த மனிதர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். சமநிலை சரியாக இருப்பதால், ஒவ்வொன்றும் நானூறு தொன்னுக்கு மேற்பட்ட இரண்டு சிறகுகளையும் ஒரு டசின் ஆட்கள் தூக்கிவிட முடிந்தது.

பத்திரிகைப் பணியாக இராமேஸ்வரம் சென்றிருந்த ஒரு தடவை, அது திறப்பதை வீதிப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு விசைப்படகுக் கூட்டங்களும் ஒரு இழுவைக் கலமும் காலை முதல் காத்துக் கிடந்தன. ரயில் ஒன்று போய் முடிந்த பிறகு ஊழியர்கள் தண்டவாள இணைப்புகளைக் கழற்றி, பூட்டுகளை விடுவித்து, நெம்புகோல்களைப் பொருத்தி, செக்கிழுப்பது போல் சுற்றி வரத் தொடங்கினார்கள். முதலில் எதுவுமே நடக்காதது போலிருந்தது. பிறகு நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. கீற்று அகன்று வானமாயிற்று. ஊழியர்களில் ஒருவர் மட்டும் சுற்றாமல் விளிம்பில் நின்று நீரையே பார்த்துக் கொண்டிருந்தார். கீழே சிறு வள்ளமொன்று முந்திக்கொண்டு நுழைய முயன்றபோது அவர் போட்ட சத்தம் வீதிப் பாலம் வரை கேட்டது. வள்ளம் பின்வாங்கிற்று.

பாம்பனில் எப்போதும் ரயிலுக்கே முதலிடம். ரயில் இல்லாத நேரம் பார்த்து ரயில்வே அனுமதி தரும்வரை கலங்கள் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சட்டம் வேறு. நதி முதலில் இருந்தது, பாலம் பிறகு வந்தது என்பது அங்குள்ள அடிப்படை. 1899, 1906ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, கப்பலோட்டத்துக்குக் குறுக்கே பாலமமைக்க அரசின் அனுமதி வேண்டும். கலம் கேட்டால் பாலம் காலதாமதமின்றித் திறக்க வேண்டும். இதனாலேயே அங்கு ரயில் கம்பனிகள் இரவும் பகலும் பாலத்தில் ஆள் வைத்திருக்கக் கடமைப்பட்டிருந்தன. சம்பளச் செலவு கூடக்கூட, தூரத்திலிருந்து இயக்கும் யோசனையும் பிறந்தது. பல பாலங்களுக்கு ஒரே அறை, ஒரே ஆள்.

அதன் மறுபக்கத்தை நியூ ஜேர்சியின் போல்ஸ்பரோ என்ற சிற்றூரில் 2012 நவம்பர் 30ஆம் திகதி காலை கண்டார்கள். மாண்ட்டுவா ஓடையின் மீதிருந்த பக்கவாட்டில் திரும்பும் ரயில் பாலத்தில் காவலாள் கிடையாது. வருகின்ற சரக்கு ரயிலின் பணியாளர்களே வானொலிச் சமிக்ஞை கொடுத்துப் பாலத்தை மூடிக் கொள்ள வேண்டும். அன்று எத்தனை முறை சமிக்ஞை கொடுத்தும் சிவப்பு விளக்கு மாறவில்லை. ஒருவர் இறங்கிப் போய்ப் பாலத்தைப் பார்த்தார். பூட்டு விழுந்திருப்பதாகவே அவருக்குத் தோன்றிற்று. தூரத்திலிருந்த கட்டுப்பாட்டாளர் சிவப்பைக் கடந்து செல்ல அனுமதித்தார். ரயில் மேலே ஏறியதும் பாலம் அசைந்தது. பெட்டிகள் ஓடைக்குள் சரிந்தன. ஒரு தாங்கி உடைந்து வைனைல் குளோரைட் வாயு ஊருக்குள் பரவியது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். பூட்டு உண்மையில் விழவில்லை என்பதும், அதைப் பார்த்துத் தீர்மானிக்கும் பயிற்சி அந்தப் பணியாளருக்கு இருக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன. வீதிப் பாலங்களிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்திருக்கிறது. 2022 ஓகஸ்டில் மில்வோக்கி நகரில், கமெரா பார்த்துத் தூரத்திலிருந்து இயக்கியவரின் கண்ணுக்குப் பாலத்தின் நடுவே நடந்து கொண்டிருந்த முதியவர் தென்படவில்லை. பாலம் திறந்தது, அவர் விழுந்து இறந்தார்.

ஆள் இருந்தால் விபத்தே நடக்காது என்று நான் சொல்லவில்லை. 1958 செப்டெம்பரில், அதே நியூ ஜேர்சியில், நெவார்க் குடாவின் தூக்குப்பாலம் ஒரு கலத்துக்காக உயர்ந்து நிற்கையில் பயணிகள் ரயிலொன்று சிவப்பு விளக்குகளைத் தாண்டி வந்து நீரில் வீழ்ந்தது. 48 பேர் மாண்டனர். பாலம் முழுமையாகப் பொருந்திப் பூட்டப்பட்டாலன்றிப் பச்சை விளக்கு எரியவே கூடாது என்ற பிணைப்பும், விளக்கை மீறி வரும் வண்டியைத் தடுத்து நிறுத்தும் பொறியும் எந்த மனிதக் காவலுக்கும் குறையாத அவசியங்கள். எனது கேள்வி, யந்திரம் தவறும் நேரத்தில் பாலத்தருகே யார் இருப்பார் என்பதே.

பாம்பனில் அந்த நேரம் 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வந்தது. தனுஷ்கோடியை அழித்த புயல், அதை நோக்கிச் சென்ற பயணிகள் ரயிலையும் அதிலிருந்த அனைவரோடும் விழுங்கிற்று. பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் உத்திரங்களைக் கடல் பெயர்த்துச் சென்றது. செர்சர் கண் தப்பி நின்றது. இளம் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலடியில் கிடந்த உத்திரங்களை மீட்டு, 46 நாட்களில் பாலத்தை ஓட வைத்தார். பிற்காலத்தில் டில்லி மெட்ரோவால் உலகறிந்த அதே ஸ்ரீதரன்தான். அதன் பிறகு பாலத்தில் காற்றுமானி பொருத்தப்பட்டது. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும். மனிதக் கண்ணுக்குத் துணையாக யந்திரக் கண் வந்த முதற் கட்டம் என்று இதனைச் சொல்லலாம். 2018 டிசம்பரில் செர்சர் கண்ணில் விரிசல் கண்டு ரயில்கள் நிறுத்தப்பட்டன. திருத்தி ஓடவிட்ட பின்னரும் பாலத்தின் நோய் தீரவில்லை. 2022 டிசம்பர் 23இல் போக்குவரத்து முற்றாக நின்றது.

புதிய பாலத்தின் திறக்கும் கண் 72.5 மீற்றர் நீளம், 660 தொன் எடை. இரு கோபுரங்களுக்கு நடுவே, கிணற்று வாளியைப் போல் நேராக 17 மீற்றர் உயர்கிறது. எதிர்ப்பாரங்கள் எடையைத் தாங்கிக் கொள்வதால் மோட்டார்களுக்கு வேலை சொற்பம். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்கு முன்னரே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையாளர் இதன் வடிவமைப்பிலும் நிர்மாணத்திலும் குறைகளைச் சுட்டிக்காட்டியிருந்தார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். மணிக்கு 75 கிலோமீற்றர் வேகத்துக்கு அனுமதி தந்தவர், தூக்கும் கண்ணில் மட்டும் 50 என்று வரையறுத்தார்.

இயக்கும் அறையைத் தூக்கும் கண்ணை ஒட்டியே அமைத்திருக்கிறார்கள். அதை நான் நல்ல முடிவென்றே கருதுகிறேன். ஆனால் கம்பி வழியே கட்டளை போகத் தொடங்கிய பின்னர், அந்தக் கம்பியை மதுரைக்கோ சென்னைக்கோ நீட்டுவது தொழில்நுட்பத்துக்குச் சிரமமான காரியமல்ல. செலவுக் கணக்குப் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்தால் போதும்.

எங்கள் வடபகுதி ரயில் பாதையில் இதனை வேறு வடிவில் கண்டிருக்கிறோம். போருக்குப் பின் 2013இல் கிளிநொச்சி வரையும், 2014இல் யாழ்ப்பாணம் வரையும் ரயில் திரும்பி வந்தது. கடவைகளில் மணியும் விளக்கும் பொருத்தினார்கள். காவலுக்கு நின்ற எமது இளைஞர்களுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் கொடுத்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை வீதியில் இறங்கினர். மணி பழுதுபட்டு நிற்கையில் கையைக் குறுக்கே நீட்டி வாகனங்களை மறித்தவர்களும் அவர்களே. மணி ஒலிக்கவில்லை என்று தூரத்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல முற்பட்டால், மறுமுனையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்பது வேறொரு பிரச்சினை. தமிழும் அரசகரும மொழி என்று யாப்பில் எழுதியிருப்பது தொலைபேசியை எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

பாம்பன் கால்வாயில் நுழையும் நாகப்பட்டினத்து மீனவன் எழுப்பும் குரலுக்குத் தமிழிலேயே பதில் சொல்லும் ஒருவர் நூறாண்டுக்கு மேலாக அந்த விளிம்பில் நின்றிருக்கிறார். நீரோட்டத்தின் திசையும், எந்த வள்ளம் முந்தும் என்பதும் அவருக்குத் தெரியும். அவரது பணி எந்தத் திறப்பு விழாப் பேச்சிலும் இடம்பெறுவதில்லை.

சங்குப்பிட்டியில் 2011இல் பாலம் வருவதற்கு முன்னர், எங்கள் ஊர்ப் பக்கத்தார் கேரதீவுக்குப் பாதையில்தான் கடந்தார்கள். அது நிலைப்பாலம், திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. ஆனால் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே தரைப் பாலமொன்று பற்றி இரு நாட்டு அரசுகளும் மீண்டும் பேசியிருக்கின்றன. 2023 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க டில்லி சென்றபோது வெளியான கூட்டு ஆவணத்தில், அதன் சாத்தியத்தை ஆராய்வது பற்றிய வாசகம் இருந்தது. நூறாண்டுக்கு முன்பு செலவுக்கு அஞ்சிக் கைவிட்ட அதே யோசனைதான். அப்படியொன்று எழுந்தால், இரு கரைத் தமிழ் மீனவரின் வள்ளங்களுக்கும் கப்பல்களுக்கும் அதில் ஒரு வாய் வைத்தே ஆக வேண்டும். அந்த வரைபடம் வெளியாகும் நாளில் நான் பத்திரிகையாளர் வரிசையில் இருந்தால், முதலில் கேட்கப் போவது அதனைத் திறப்பவரின் அறை தனுஷ்கோடியில் இருக்குமா, தலைமன்னாரில் இருக்குமா, கொழும்பில் இருக்குமா என்பதைத்தான்.