தாம்பூலமும் தடுப்பூசியும்

பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்து. உணவு முடிந்ததும் வழக்கம்போல் தாம்பூலத் தட்டு வந்தது. எதிரே அமர்ந்திருந்தவர் என்னிடம் அரபு இலக்கணம் பயின்ற பழைய மாணவர். தட்டை என் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்! வாய்ப் புற்றுக்கும் தடுப்பூசி வந்துவிட்டதாம். இனி என்ன அச்சம்?" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உஸ்தாதின் முகம் நினைவில் எழுந்தது.

நஹ்வுப் பாடம் நடத்தும்போது அவர் கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையும் ஒதுங்கியே இருக்கும். உட்கன்னத்தில் தோன்றிய வெள்ளைப் படலத்தை ஓராண்டுக் காலம் அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது வாயைத் திறக்கவே இயலவில்லை. எங்களுக்குக் கிதாபு ஓதிக் கொடுத்த அந்த நா, இறுதி நாட்களில் ஒரு மிடறு நீருக்கும் தவித்தது. ஆகவே மாணவரின் கேள்விக்கு விருந்துப் பந்தியில் விடை கூறாமல், இங்கே சற்று விரிவாகவே கூற விழைகிறேன்.

இந்நோயை அரபு மருத்துவர்கள் 'ஸரதான்' என்றனர். நண்டு என்பது அதன் பொருள். கிரேக்கரும் நண்டின் பெயரையே இதற்கு இட்டனர். தமிழர் கண்ணுக்கோ அது மண்ணுக்குள் கிளை கிளையாகப் பரவும் புற்றாகத் தோன்றிற்று. குர்துபா நகரின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி சுமார் 1013 இல் மறைந்தவர். புற்று சிறிதாய், முழுவதும் அகற்றத்தக்க இடத்தில் இருந்தால் அறுத்தெடுக்கலாம் என்றும், முற்றிப் பெருத்துவிட்டால் அதை அணுகலாகாது என்றும் அவர் எழுதினார். முற்றிய புற்றைத் தாம் குணப்படுத்தியதில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட 'முதலிலேயே கண்டுகொள்' என்னும் அவ்விதி இன்றளவும் பொய்க்கவில்லை.

தாம்பூலத்திற்கும் அரபு நூல்களில் இடமுண்டு. 'தன்பூல்' என்ற அரபுச் சொல் நம் நாட்டுத் தாம்பூலமே. பாக்கை அவர்கள் 'ஃபவ்ஃபல்' என்பர். 14 ஆம் நூற்றாண்டில் மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, வெற்றிலைக் கொடி திராட்சைபோல் பந்தலில் படர்வதையும், அது காய்ப்பதில்லை என்பதையும், இலையுடன் பாக்கும் சுண்ணாம்பும் சேர்வதையும் விவரிக்கிறார். பூவும் காயும் பயனில்லாத வெறும் இலை என்பதால் வெற்றிலை என்று நம் பெரியோர் பெயர்க்காரணம் கூறுவதை இது நினைவூட்டுகிறது. விருந்தினருக்கு வெற்றிலை அளிப்பது பொன் அளிப்பதினும் மேலான மரியாதையாகக் கருதப்பட்டதையும் அவர் குறித்துள்ளார்.

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். இப்னு பதூதா கண்ட தாம்பூலத்தில் புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாக அது இந்நாட்டில் பரவியது அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் பிறகு. முன்னோர் வழக்கம் என்று நாம் போற்றும் வெற்றிலைச் சுருளின் கொடிய பகுதி, முன்னோர் அறியாதது. பாக்கும் குற்றமற்றதன்று. புகையிலை சேராத பாக்கே புற்றை உண்டாக்கவல்லது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறிவிட்டது.

இவ்வுண்மையின் முதல் தடயங்கள் நம் மண்ணிலேயே கிடைத்தன. சென்னைப் பொது மருத்துவமனை மருத்துவர் நிப்ளாக், வாய்ப் புற்றையும் வெற்றிலைப் பழக்கத்தையும் இணைத்து 1902 இல் எழுதினார். இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூரில் இருந்த மிஷன் மருத்துவமனையின் பெண்டால், 1,700 புற்றுநோயாளரின் விவரங்களைத் தொகுத்து 1908 இல் வெளியிட்டார். அதே நெய்யூரில் பணியாற்றிய ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப் புற்றை ஆராய்ந்து 1933 இல் லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார். நோய்க்கான காரணம் நம் ஊர்களிலேயே நூறாண்டுகளுக்கு முன் எழுதி வைக்கப்பட்டுவிட்டது. அதைப் படித்து நடக்கத்தான் நம்மிடம் ஆளில்லை.

சிகிச்சையின் வரலாற்றிலும் சென்னைக்குப் பங்குண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. 1957 இல் அங்கே கோபால்ட் கதிர்க்கருவி வந்தது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021 இல் மறையும் வரை அந்நிலையத்திற்கே வாழ்வை ஈந்த டாக்டர் சாந்தாவும், வாய்ப் புற்றுக்குக் கதிரையும் மருந்தையும் இணைத்து அளிக்கும் முறையில் முன்னோடிகளாயினர். 'பிளியோமைசின்' என்ற மருந்துடன் கதிரைச் சேர்த்த அவர்களின் ஆய்வு 1980 இல் வெளியாயிற்று.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். நம் பாட்டிமார் 'அம்மை குத்துதல்' என்றார்களே, அது நோய் வருமுன் காப்பது. ஜென்னர் கண்ட பசு அம்மைப் பால், பக்தாத், பஸ்ரா நகரங்களின் வழியே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றப்பட்டு வந்து, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் குத்தப்பட்டது. இந்திய நாட்டின் முதல் தடுப்பூசி அதுவே. இன்று பேசப்படும் புற்றுத் தடுப்பூசி இவ்வகையன்று. அது நோய் வந்தபின் கொடுக்கப்படும் மருந்து. பெயர் ஒன்றாயிருப்பதே என் மாணவரை மயக்கியது.

அதன் இயக்கம் இது. நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் புரதங்களை ஆக்கும் பட்டறை உண்டு. எந்தப் புரதத்தை ஆக்குவது என்ற கட்டளையைச் சுமந்து செல்வது தூது ஆர்.என்.ஏ. 1961 இல் இது கண்டறியப்பட்டது. கட்டளை படிக்கப்பட்டபின் அந்த ஓலை அழிந்துவிடும். புற்றணுவில் மட்டும் காணப்படும் ஒரு புரதத்தின் குறிப்பை இவ்வோலையில் எழுதி, நுண்ணிய கொழுப்பு உறையிலிட்டுச் செலுத்தினால், உடல் அப்புரதத்தைத் தானே ஆக்கிப் பார்க்கும். 'இவனே பகைவன்' என்று காவலணுக்கள் அடையாளம் கற்கும். வெளியிலிருந்து வரும் ஓலையை உடல் சீற்றத்துடன் எதிர்ப்பது நெடுங்காலத் தடையாயிருந்தது. ஓலையின் எழுத்தொன்றைச் சற்றே மாற்றினால் அச்சீற்றம் தணியும் என்று கட்டலின் காரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005 இல் காட்டினர். 2023 இல் நோபல் பரிசு அவர்களைச் சேர்ந்தது.

ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனம் தலை, கழுத்துப் புற்றுக்கென ஆக்கியுள்ள தடுப்பூசி, பாப்பிலோமா என்னும் வைரசின் 16 ஆம் வகையைச் சேர்ந்த இரு புரதங்களைக் காட்டிக் கொடுப்பது. காவலணுக்களின் கட்டை அவிழ்க்கும் 'பெம்ப்ரோலிசுமாப்' மருந்துடன் சேர்த்து அதை ஆய்ந்து வருகின்றனர். 2025 இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையும் நோயாளர் நூறு பேருக்கு மேல் இவ்வாய்வில் சேர்க்க வழி செய்தது. அடையாறு நிலையமும் இத்துறைக்குப் புதியதன்று. இதே வைரசால் வரும் கருப்பை வாய்ப் புற்றுக்கு, நோயாளியின் காவலணுக்களையே எடுத்துப் பயிற்றி மீண்டும் செலுத்தும் முறையை அங்கே சிறு அளவில் சோதித்து, 2014 இல் முடிவை வெளியிட்டனர்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு. அந்த ஜெர்மன் ஊசி, வைரசால் வரும் புற்றுக்கு உரியது. மேலை நாடுகளில் தொண்டைப் புற்றில் பெரும்பகுதி அவ்வகை. நம் நாட்டில் மிகுதி கன்னத்திலும் ஈறிலும் நாவிலும் வருவது. அதன் தாய் புகையிலையும் பாக்கும். 2022 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,43,000 பேருக்குப் புதிதாக வாய்ப் புற்று வந்தது. உலகக் கணக்கில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோரின் புற்றணுவில் அந்த வைரசின் முத்திரை இல்லை. முத்திரையில்லாத பகைவனை அவ்வூசியால் இனங்காட்ட இயலாது.

வேறு வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு நோயாளியின் புற்றையும் தனித்தனியே ஆராய்ந்து, அவருக்கென்றே ஓலை எழுதுவது. தோலில் வரும் 'மெலனோமா' புற்றில் 157 பேரிடம் இதைச் சோதித்தபோது, நோய் திரும்புவதோ மரணமோ நேரும் வாய்ப்பு 44 விழுக்காடு குறைந்தது. வாய்ப் புற்றுக்கும் இது பயன்படலாம் என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் ஆளுக்கொரு மருந்து என்றால், அதன் செலவை அன்றாடக் கூலி பெறும் நம் மக்கள் எங்ஙனம் தாங்குவர்?

இக்கேள்விக்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு பாதை காட்டியுள்ளது. காவலணுக்களின் கட்டவிழ்க்கும் மற்றொரு விலையுயர்ந்த மருந்தான 'நிவோலுமாப்'பை, வழக்கமான அளவில் பத்திலொன்றுக்கும் குறைவாக, மலிவான மாத்திரைகளுடன் கொடுத்துப் பார்த்தனர். முற்றிய தலை, கழுத்துப் புற்றில் ஓராண்டு உயிர் தரித்தோர் நூற்றுக்குப் 16 பேர் என்ற நிலை மாறி, 43 பேர் என்றாயிற்று. 2022 இல் இம்முடிவு வெளியாயிற்று. பிறர் கண்டதை நம் ஏழைக்கு எட்டும்படி ஆக்குவதும் பெரும் கண்டுபிடிப்பே. தூது ஊசிக்கும் நம் அறிஞர்கள் இவ்வழி காண வேண்டும். புணேயின் ஜென்னோவா நிறுவனம் 2022 இல் கொரோனாவுக்கு நாட்டின் முதல் தூது ஊசியை ஆக்கி ஒப்புதல் பெற்றதால், ஓலை எழுதும் கைத்திறன் இங்கும் உண்டு என்பது மெய்ப்பட்டுவிட்டது.

ஆகவே என் மாணவருக்கு விடை இது: தம்பி, நீ படித்த செய்தி பொய்யன்று; ஆனால் அது உன் தட்டில் உள்ள பாக்கைப் பற்றிய செய்தியன்று. அந்த ஊசி நம் ஊர்ப் புற்றை வெல்லும் நாள் வரட்டும், வர வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பவை இரண்டே. ஒன்று, தட்டை மறுப்பது. மற்றொன்று, வாயில் வெள்ளைப் படலமோ, செந்திட்டோ, மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண்ணோ, வாய் திறக்க இறுக்கமோ கண்டால், வெட்கத்தை விட்டு உடனே மருத்துவரிடம் காட்டுவது. அடையாறு நமக்குத் தொலைவில் இல்லை.

விருந்தினரை மதிக்கும் பண்பு நம்முடையது; அது வாழட்டும். அம்மதிப்பை ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தும் காட்டலாம். என் உஸ்தாதுக்கு அந்த வெள்ளைப் படலத்தின் பொருளைச் சொல்ல அன்று எவருமில்லை. இன்று நமக்குச் சொல்ல ஆளுண்டு. கேட்கும் செவிதான் வேண்டும்.